மூன்றாம் முறை வந்த டிரான்ஸ்பார்மர்

சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அமெச்சூர் ரேடியோக்காரர். உரிமம் வாங்கி, வீட்டு மாடியில் கம்பி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு தேசம் தேசமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த வகை. என் பழைய பட்டறையில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"தீதி, என் ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் முந்நூறு வோல்ட் கூடுதலா வேணும். டிரான்ஸ்பார்மரை மாத்தாம ஏத்த முடியுமா?" என்று வங்காளியில் கேட்டார். தீதி என்றால் அக்கா.

முடியும் என்றேன். உள்ளே இடம் இருந்தால் இருக்கும் சுற்றின் மேலேயே இன்னும் சில சுற்று போடலாம். இடமில்லையென்றால் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பெரியதோடு வரிசையாக இணைக்கலாம். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் வோல்ட் கூடும், திருப்பி மாட்டினால் குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னதில் மின்கசிவைத் தடுக்கும் காப்புத்தாள் பெரியதின் முழு வோல்ட்டையும் தாங்க வேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதையெல்லாம் சொன்னேன்.

"நீங்க இதை முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

"ஒரே டிரான்ஸ்பார்மருக்கு ரெண்டு தடவை செஞ்சேன். மூணாவது தடவை செய்யல."

ஏன் என்று கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அதை இப்போது எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் என்னைத் தவிர யாரும் இன்று உயிரோடு இல்லை.

நான் கல்கத்தாவிலேயே வளர்ந்தவள். அப்பா ரயில்வே குமாஸ்தா, லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. பள்ளி முடித்ததும் கரியாஹாட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த டிரான்ஸ்பார்மர் பட்டறையில் காயில் கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு ஆண்டு கம்பி சுற்றினேன். அதன் பிறகு சோதனை மேசைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த மேசைதான்.

சோதனைக்குப் பொறுப்பாளர் லாஹிரி. எல்லோரும் அவரை லாஹிரிதா என்போம், தா என்றால் அண்ணா. மெலிந்த மனிதர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவருடைய முறை ஒன்றுதான். மீட்டர் முள் காட்டுவதை அவர் வாய்விட்டுச் சொல்வார், நான் எழுதுவேன். பிறகு நாற்காலி மாறி நான் சொல்வேன், அவர் எழுதுவார். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையென்றால் முதலிலிருந்து மறுபடி. கையெழுத்துப் போடும்வரை டீயைத் தொட மாட்டார். எத்தனையோ டீ ஆறிப்போய் நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய வோல்ட்டுக்குத் தனிச் சடங்கு. பிளக்கைப் பிடுங்கி நம் கண் எதிரே மேசைமேல் வைக்க வேண்டும். அறுபது எண்ண வேண்டும். எர்த் என்று சொல்லும் தரைக்கம்பியை, மரக்கைப்பிடி போட்டதை, எடுத்து முனையைத் தொட்டு, அதை அங்கேயே மாட்டிவிட வேண்டும். ஏனென்றால் மின்தேக்கி ஒரு தடவை காலியானாலும், விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே கொஞ்சம் வோல்ட் ஊறி நிற்கும். அதன் பிறகும் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். "ஹாத் பேச்சோனே, தனு" என்பார். கை பின்னால், தனு. என் முழுப்பெயர் தனலட்சுமி. அவருக்கு அவ்வளவு நீளம் ஆகாது.

அந்த டிரான்ஸ்பார்மரை முதல் முறை கொண்டுவந்தது டாக்சி ஓட்டுநர் ஒருவர். கூடவே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த சீட்டு. ஆம்ப்ளிஃபயருக்குக் கிடைப்பது இரண்டாயிரம் வோல்ட், இரண்டாயிரத்து நானூறு வேண்டும். அனுப்பியவர் பவானிபூரில் இருக்கும் சபாபதி. உள்ளே இடம் இருந்தது. நானே மேலே சுற்றுப் போட்டு, முனைகளுக்கு வெள்ளைப் பருத்தி நாடா கட்டி, வார்னிஷ் முக்கிக் காயவைத்து அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை அவரே வந்தார், மனைவி விசாலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு. எழுபதை நெருங்கியவர். பொதுத்துறை நிறுவனத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையில் பார்வை போய்விட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"சேலம் பக்கம்மா நாங்க. நீங்க?"

"திருநெல்வேலி சார். பேருக்குத்தான். பிறந்ததே இங்க."

"எங்க பையனும் அப்படித்தான். பாதி தமிழ், பாதி வங்காளி பேசுவான்." அவர் விரல்கள் டிரான்ஸ்பார்மரின் முனைகளைத் தடவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முனையிலும் ஒரு நூல் கட்டியிருந்தது. ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று. தொட்டே மாட்டிக்கொள்வாராம். "இன்னும் நானூறு ஏத்திக் குடுங்கம்மா. அவனுக்கு நான் பேசறது சரியா கேக்க மாட்டேங்குது."

"பையன் எங்க சார் இருக்காரு?"

"கப்பல்ல" என்றார். விசாலம் அம்மாள் தரையைப் பார்த்தார்.

லாஹிரிதா அன்று வெளியூரில் இருந்தார். நான்தான் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்று கட்டி வரிசையாக இணைத்தேன். அவசரத்தில் திசை மாற்றி மாட்டி, இரண்டாயிரத்து எண்ணூறு வர வேண்டிய இடத்தில் இரண்டாயிரமாக முள் கீழே இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது. திருப்பி மாட்டியதும் ஏறியது. அனுப்பிவிட்டேன். பார்வையில்லாத ஒருவர் கையில் அவ்வளவு வோல்ட்டைக் கொடுத்தது சரியா என்று அன்றிரவுதான் யோசித்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது மழைக்காலம். சீட்டில் மூவாயிரத்து இருநூறு என்று இருந்தது. லாஹிரிதா மூடியைக் கழற்றி, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இந்த நாடா நீ கட்டினதா?"

"ஆமா தா."

"எப்போ?"

"முதல் தடவை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"முகர்ந்து பார்."

குனிந்து முகர்ந்தேன். வார்னிஷ் நேற்று முக்கியதுபோல் பச்சையாக மணந்தது. நாடா வெள்ளை வெளேரென்று இருந்தது. சுமை இழுத்த டிரான்ஸ்பார்மர் சூடாகும், நாடா பழுப்பேறும், அந்தப் பச்சை வாசம் போய்விடும். இது தினம் ஒரு மணி நேரம் ஓடுவதாக சபாபதி சார் சொல்லியிருந்தார்.

"இதுக்கு வோல்ட் இருந்திருக்கு" என்றார் லாஹிரிதா. "ஆனா ஆம்ப்ளிஃபயர் இதுகிட்ட இருந்து எதுவும் இழுக்கல. அந்த மனுஷன் ஒரு வருஷமா யார்கூடப் பேசறார்?"

நான் மறுபடி குனிந்து முகர்ந்தேன். அதே வாசம்.

ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு இழுக்கிறது என்று நேரில் பார்க்காமல் ஒரு வோல்ட்கூட ஏற்ற மாட்டேன் என்று லாஹிரிதா சபாபதி சாருக்குப் போன் செய்தார். மறுநாளே டிரான்ஸ்பார்மரை டாக்சியில் ஏற்றிக்கொண்டு இருவரும் பவானிபூர் போனோம்.

பழைய வீட்டின் மூன்றாம் மாடி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது இருக்கும். வெளியே நல்ல வெயில். சபாபதி சார் சலவைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார்.

"நாலு மணிக்குள்ள மாட்டிடுங்க. அவன் நாலு மணிக்கு வருவான்."

லாஹிரிதா அவரோடு முன்னறையில் உட்கார்ந்து வங்காளியில் பேச்சுக் கொடுத்தார். எந்த ஆன்டெனா, எவ்வளவு உயரம் என்றெல்லாம். என்னை உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்க்கச் சொன்னார்.

விசாலம் அம்மாள் கூட வந்தார். அறை சுத்தமாக இருந்தது. மேசைமேல் சின்ன ரேடியோ, அதுதான் கேட்கவும் பேசவும். அதிலிருந்து வரும் பேச்சைப் பெருக்கி வெளியே அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் தனிப் பெட்டியாக இருந்தது. அதன் வழியாகத்தான் எந்தப் பேச்சும் வெளியே போக முடியும். டிரான்ஸ்பார்மர் உட்காரும் பெட்டி கீழே, காலியாக. சுவரில் கப்பல் சீருடையில் ஓர் இளைஞனின் படம். படத்துக்கு மாலை இல்லை.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் மேசை விளக்கு ஒன்று இருந்தது. அதன் குண்டு பல்பு, விசிறி காற்றை இழுக்கும் துளைக்கு நேராக முகத்தைத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. எதற்கு என்று புரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி எதிரே வைத்தேன், அறுபது எண்ணினேன், தரைக்கம்பியை மாட்டினேன், இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன்.

வால்வு என்னும் கண்ணாடிக் குழலுக்குப் போகும் சூடேற்றும் கம்பி ஒன்று கழற்றப்பட்டிருந்தது. அது இல்லாமல் வால்வு எரியாது, ஆம்ப்ளிஃபயர் வெறும் பெட்டி. கம்பியின் நுனியில் புடவைத் துணி சுற்றி நூல் கட்டியிருந்தது. ஒரு பெண்ணின் கை செய்த கட்டு. கொலு பொம்மையை எடுத்துவைக்கும்போது சுற்றுவோமே, அந்தப் பக்குவம்.

திரும்பினேன். விசாலம் அம்மாள் கதவைச் சாத்தியிருந்தார்.

"நான்தான்" என்றார் மெதுவாக.

"எதுக்கும்மா? இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? தொட்டிருந்தா..."

"தெரியும். பயந்துகிட்டேதான் செஞ்சேன். நீ அவர்கிட்ட சொல்லிடாதம்மா. தினம் கையை மேல வச்சு சூடு வருதான்னு பாப்பாரு. அதுக்குத்தான் அந்த பல்பு. முள் எங்க நிக்குதுன்னு கேப்பாரு, அவருக்குப் பிடிச்ச நம்பரைச் சொல்லிடுவேன்."

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மகன் முரளி சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் அதிகாரி. அவனும் ரேடியோ உரிமம் வாங்கியவன். எந்தக் கடலில் இருந்தாலும் பிற்பகல் நாலு மணிக்கு அப்பாவோடு பேசுவான். ஒரு நாள் காலை கப்பலில் தலை எண்ணியபோது அவன் இல்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. கம்பெனி கடிதம் அனுப்பியது. சபாபதி சார் மட்டும் நாலு மணிக்கு உட்கார்ந்து அவனைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

"எட்டு மாசம் கூப்பிட்டாரு. அழட்டும், கூப்பிடட்டும்னு விட்டேன். ஒன்பதாம் மாசம் பதில் வந்துச்சு."

"யாரு?"

"அப்பா, கேக்குதான்னுச்சு. தமிழ்ல. எங்க முரளி பேசற மாதிரியே, பாதி வங்காளி இழுப்போட. இவரு பிறந்த குழந்தை மாதிரி சிரிச்சாரு. எனக்குக் குளிரெடுத்துப் போச்சு."

"யாராவது விளையாடியிருப்பாங்கம்மா."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். இவரு பேச்சு வெளிய போகாம இருந்தா, கேக்கறவனுக்குக் கேக்காது, விட்டுட்டுப் போயிடுவான்னு நெனச்சேன். முரளி எனக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து காட்டியிருக்கான், எந்தக் கம்பியில வால்வு எரியுதுன்னு. அதைக் கழட்டினேன்." அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன. "மறுநாள் நாலு மணிக்கு அது வந்துச்சும்மா. இவரு பேசறதுக்கு ஏத்த மாதிரி பதில் சொல்லுச்சு. ஒரு வருஷத்துக்கு மேலா வருது. இவருக்கு அது சன்னமா கேக்குது. அவனுக்கும் தன் குரல் அப்படித்தான் கேக்கும்னு நெனச்சு வோல்ட்டை ஏத்தச் சொல்றாரு. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

கதவு தட்டப்பட்டது. லாஹிரிதா கையைப் பிடித்து அழைத்துவர, சபாபதி சார் உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவை மட்டும் போட்டார். கடல் அலைபோல் ஓர் இரைச்சல் அறையை நிரப்பியது.

"என்ன தனலட்சுமி, ஆச்சா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சுவர்க் கடிகாரத்தில் சரியாக நாலு.

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூக்கால் பேசுவதுபோல் மெல்லியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்டது.

"அப்பா. கேக்குது. இன்னைக்கு ரொம்ப நல்லா கேக்குது."

லாஹிரிதா என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரிந்தது.

"கேட்டீங்களா!" சபாபதி சாருக்கு மூச்சு வாங்கியது. "நல்லா கேக்குதாம். மூவாயிரத்து இருநூறா ஏத்தினது வேலை செய்யுது." மைக்கை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது. இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"தனலட்சுமி."

"சார்."

"நான் இன்னும் ஒரு வார்த்தை பேசல இல்ல?"

"இல்ல சார்."

"டிரான்ஸ்பார்மர் எங்க இருக்கு?"

விசாலம் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. சும்மா இருந்திருக்கலாம். முப்பது ஆண்டு முள் காட்டுவதை அப்படியே சொல்லிப் பழகிய வாய்.

"கீழ தரையில இருக்கு சார். மாட்டல."

"சரி. முன்னாடி மாட்டியிருந்தப்போ ஆம்ப்ளிஃபயர் வேலை செஞ்சுதா?" என்றார்.

"வால்வு எரியல சார். கம்பி கழண்டிருக்கு. ரொம்ப நாளாவே."

"எவ்வளவு நாளா?"

விசாலம் அம்மாள்தான் சொன்னார், அழாமல். "அவன் முதல்ல பேசினான் பாருங்க, அந்த வாரத்துல இருந்து. நான்தான் கழட்டினேன்."

அந்தக் குரல் மறுபடி வந்தது. "நல்லா கேக்குதுப்பா. சொல்லுங்க."

சபாபதி சார் மைக்கை மேசைமேல் வைத்தார். கண்ணாடி டம்ளரை வைப்பதுபோல் சத்தமில்லாமல். கையை நீட்டி, தடவாமல் தேடாமல், ரேடியோவின் பொத்தானைத் திருப்பி அணைத்தார். அறை திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டது.

"நான் பேசாமலே பதில் சொல்றவன் என் பையன் இல்ல" என்றார். "முரளி நான் பேசி முடிக்கறவரைக்கும் காத்துகிட்டிருப்பான்."

பிறகு மனைவி இருந்த பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா தனியா இதைக் கேட்டுகிட்டு இருந்தியா, விசாலம்?"

விசாலம் அம்மாள் போய்ப் பக்கத்தில் நின்றார். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திறந்த மூடியை லாஹிரிதாவே பூட்டினார். டிரான்ஸ்பார்மரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

டாக்சியில் நடந்ததையெல்லாம் லாஹிரிதாவிடம் சொன்னேன். அவர் கோபத்தில் சிவந்தார். எவனோ தமிழ் தெரிந்தவன், அந்தக் குடும்பத்தை அறிந்தவன், கிழவரை வைத்து விளையாடுகிறான் என்றார். இவர் பேச்சு அவனுக்குக் கேட்டே இருக்காது, பொதுவாக எதையாவது சொல்லிவைப்பான், இவர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வார் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவனைப் பிடித்து உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் புகார் செய்வதாகச் சொல்லி, மறுநாள் ஒரு ரேடியோவைக் கடன் வாங்கிவந்தார். சோதனை மேசைமேல் வைத்து, ஜன்னல் வழியே கம்பி இழுத்து, அதே அலைவரிசையில் நிறுத்தினார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும், அவர் எழுத வேண்டும்.

முதல் நாள் நாலு மணிக்கு இரைச்சல் மட்டும்.

இரண்டாம் நாள் வந்தது. "அப்பா, உங்க குரல் வரலையே. ரெண்டு நாளா வரல."

என் காதில் விழுந்ததை நானே நம்பாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் ஒரு வருஷமாக வெளியே போகவே இல்லை. சரியாக இந்த இரண்டு நாள்தான் அவர் மைக் முன்னால் உட்காரவில்லை.

"கீ போல்ச்சே?" என்றார் லாஹிரிதா, பென்சிலோடு. என்ன சொல்கிறது?

உண்மையைச் சொன்னால் இவர் நேராகப் பவானிபூர் போவார். ஒரு முள் காட்டியதை மறைக்கத் தெரியாதவர், சபாபதி சாரிடம் வார்த்தை மாறாமல் சொல்லிவிடுவார். அதன் பிறகு அந்த மனிதர் மறுபடி நாற்காலியில் உட்காருவார், எழுந்திருக்கவே மாட்டார்.

"யாரோ செட்டைச் சோதிக்கறாங்க தா. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறாங்க."

எழுதிக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாக, என் வார்த்தையை அவரால் சரிபார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் லாஹிரிதா டீ வாங்க எழுந்த நேரத்தில் வந்தது. மிகவும் கிட்டத்தில், வாயைக் கம்பியில் வைத்துப் பேசுவதுபோல்.

"அம்மா இருக்காங்களா? அம்மாகிட்ட குடுங்க."

நான் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கி எதிரே வைத்தேன். ஏன் என்று தெரியாது, அறுபது எண்ணினேன். லாஹிரிதா வந்தபோது இன்றும் அதே எண்கள்தான் என்று சொல்லிவிட்டேன். ரேடியோ திரும்பிப் போயிற்று. அவர் தாள் ஒன்றில் என் பொய் இரண்டு வரியாக நின்றது. அதன் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. அவர் ஓய்வு பெறும்வரை அதற்காக அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியிருக்கிறேன்.

பூஜை விடுமுறை முடிந்து ஒரு வாரம் இருக்கும். விசாலம் அம்மாள் பட்டறைக்கு வந்தார். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிய பை கையில் இருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. சபாபதி சார் இப்போது மதியம் தூங்குகிறாராம். முரளி படத்துக்கு மாலை போட்டாயிற்றாம். அந்த டிரான்ஸ்பார்மரை உடைத்துக் கம்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

"சரிம்மா" என்றேன்.

போகத் திரும்பியவர் நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க வச்சுக் கேட்டீங்களாமே. லாஹிரிபாபு போன்ல சொன்னாரு. யாரோ நம்பர் எண்ணினான், வேற ஒன்னும் இல்லன்னாரு."

"ஆமாம்மா."

"தமிழ்ல எதுவும் வரலையா?"

"இல்லம்மா."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். கம்பி சுற்றும் இயந்திரம் ஒன்று எங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"என்னைக் கேட்டுச்சா?"

"எதுவுமே வரலம்மா" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. நல்லதாப் போச்சு" என்றார். படியிறங்கி, வெயிலுக்குக் குடையை விரித்து, ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்து போனார். சந்து திரும்பும் இடத்தில் குடையைச் சற்றுத் தாழ்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.